மடுவத்துத் தராசில் ஒரு சிறுத்தை

சித்தப்பா 1973இல் கோச்சி ஏறினார். தோட்டத் தமிழரை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர் பெயருக்கு இந்தியா விழுந்திருந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் அழுது முடித்து, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. கொழுந்து பறித்த கைக்கு அங்கேயும் கொழுந்துதான்.

அவர் போட்ட முதல் கடிதத்தில் லயத்து வீடு, சம்பளம், அரிசி விலை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: “அண்ணே, இங்கே புலி இருக்கு. அங்கே நாம பார்த்துப் பயந்தது புலியே இல்லை, பூனை.”

அப்பா அதை உரக்கப் படித்துவிட்டார். அடுப்பங்கரைத் திண்ணையில் குந்தியிருந்த தாத்தாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பூனையா? தொரையோட ஏழு நாயைத் தூக்கினது பூனையா? கப்பல் ஏறினதும் நாக்கு நீண்டுபோச்சு பயலுக்கு.” அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எது புலி, எவ்வளவு பெரிது என்ற அந்தச் சண்டை எங்கள் குடும்பத்தில் இன்றுவரை தீரவில்லை. நான் முப்பத்துநாலு வருஷம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். நிறுப்பதும் கழிப்பதும் எழுதுவதும்தான் என் பிழைப்பு. ஆகவே இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் பெயர்த் தகராறு. இலங்கையில் வரிப்புலி கிடையாது. மலையில் திரிவது புள்ளி போட்ட சிறுத்தை. ஆனால் லயத்தில் யாரும் வாய் நிறையச் ‘சிறுத்தை’ என்று சொல்லமாட்டார்கள். “பத்தாம் நம்பர் மலையில புலி படுத்திருக்கு” என்பதுதான் பேச்சு. தாத்தா துரைமாரோடு திரிந்தவர் என்பதால் சில நேரம் ‘சீட்டா’ என்பார். அது அவர் பிழையல்ல. அந்தக் காலத்து இலங்கை வெள்ளைக்காரர்கள் சிறுத்தையைச் சீட்டா என்றே அழைத்தார்கள். சீட்டா என்பது இந்தியச் சமவெளியில் மானை விரட்டிப் பிடித்த சிவிங்கி, அது இந்தத் தீவில் இல்லை, இங்கிருப்பது சிறுத்தை என்று, இலங்கையில் வெள்ளை அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1860ஐ ஒட்டிய வருஷங்களிலேயே எழுதித் திருத்தப் பார்த்தார். துரைமார் கேட்டதாகத் தெரியவில்லை.

சிங்களத்தில் இன்னொரு சிக்கல். ‘திவியா’ என்றாலும் சிறுத்தை, ஊர்ப்பேச்சில் ‘கொட்டியா’ என்றாலும் சிறுத்தைதான். 1956இல் நம் சிறுத்தைக்குத் தனி இனப்பெயர் கொடுத்த பி. ஈ. பி. தெரணியகல அந்த ஊர்ச்சொல்லையே வைத்துப் பாந்தெரா பார்டஸ் கொட்டியா என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஏறிவிட்டது. தொண்ணூறுகளில் ஒருநாள் இரவு, ஒரு சோதனைச் சாவடியில், ஏன் இவ்வளவு பிந்தி வருகிறாய் என்று கேட்டார்கள். ரோட்டில் கொட்டியா படுத்திருந்தது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டேன். எத்தனை பேர், ஆயுதம் இருந்ததா என்று அடுத்த கேள்வி வந்தது. அரைமணி நேரம் கழித்து ஒரு லொறிச் சாரதி வந்து ‘திவியா, திவியா’ என்று சிரித்துச் சிரித்து விளக்கினார். அதற்குப் பிறகு சிங்களத்தில் நான் அந்த மிருகத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை.

தாத்தாவுக்குப் பங்களாவில் நாய்க்கார உத்தியோகம். துரையின் வேட்டை நாய்களைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, இரவில் பட்டியில் அடைப்பது அவர் பொறுப்பு. மலைநாட்டில் நாய் வைத்து வேட்டையாடுகிற பழக்கம் தேயிலையைவிட மூத்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறி, நாய்க்கூட்டம் வைத்து மரை வேட்டையாடிக்கொண்டிருந்தார். நாய்கள் மரையை ஓடைக்குள் மடக்கிப் பிடித்தபின் அவர் கத்தியோடு இறங்குவார். பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிப் போய்ப் பேர் வாங்கியவரும் இவரேதான். இங்கிருந்த வருஷங்களைப் பற்றி 1853லும் 1855லும் இரண்டு புத்தகம் போட்டார். துரைமார் காட்டுக்குள் நாயைக் கொண்டுவந்தார்கள். சிறுத்தைக்கு அது விருந்தாகிவிட்டது. கண்காணியும் லயமும் வந்தபின் லயத்து நாய்களும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கும் தோட்டத்தில் ஒரு நாய் காணாமற்போனால் யாரும் தேடிப் போவதில்லை.

புலியின் பருமனைத் தாத்தா கிலோவிலும் அடியிலும் சொன்னதில்லை. அவரிடம் மூன்றே அளவு. நாய்தூக்கி, ஆடுதூக்கி, கன்றுதூக்கி. நாய்தூக்கி என்றால் குட்டி அல்லது பெட்டை, ஆடுதூக்கி நடுத்தரம், கன்றுதூக்கி கிழட்டுக் கடுவன். ஒரு கன்றுதூக்கியை அவர் ஆயுசில் இரண்டு தடவைதான் பார்த்தாராம். விலங்கியல்காரர்களின் அட்டவணையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் அளந்த பதினெட்டுச் சிறுத்தைகளில் ஏழு பெட்டைகளின் சராசரி 29 கிலோ. பதினொரு கடுவன்களின் சராசரி 56. ஆகப் பெரியது 77. தாத்தாவின் மூன்று படியும் அப்படியே பொருந்துகிறது. 29 கிலோ என்றால் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் எடை. அதுதான் லயத்தையே கதவடைக்க வைக்கிற மிருகம்.

மலைக்கு வருகிற வழியிலேயே நம் ஆட்களுக்கு அதோடு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தார்கள். பேதியும் அம்மையும் கூடவே நடந்தன. சிறுத்தைக்கு அம்மை வாடை பிடிக்கும், அம்மை கண்ட இடத்தை மோப்பம் பிடித்து வரும் என்ற நம்பிக்கை அன்றைய இலங்கையில் இருந்ததை டெனன்ட் குறித்து வைத்திருக்கிறார். வாடை என்ன வாடை. நடக்கமாட்டாதவர்களை வழியோரம் விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போனது. இரவில் அங்கே என்ன வரும் என்பதற்கு மோப்ப சாஸ்திரம் வேண்டியதில்லை. என் பாட்டியின் பாட்டி அந்த வழியில் ஒரு தங்கையை விட்டுவிட்டு வந்தவள். எங்கள் வீட்டில் அம்மை கண்டால் வேப்பிலையோடு ஒரு விளக்கையும் வாசலில் விடியவிடிய எரியவிடுகிற வழக்கம் இருந்தது. மாரியம்மனுக்கு என்று சொல்வார்கள். முழுக்க அம்மனுக்கு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

பங்களா முன்மண்டபச் சுவரில் ஒரு தோல் இருந்தது. தலையோடு, கண்ணாடிக் கண்ணோடு, வாய் பிளந்தபடி. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை போய்விட்டார், தோல் நின்றுவிட்டது. புதிதாக வந்தவருக்கு அதில் ஆசையுமில்லை வெறுப்புமில்லை. ஒருநாள் அம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய், பங்களா அப்புவின் காலைப் பிடித்து, நாற்காலி மேலேறி அளந்தேன். மூக்கிலிருந்து வால் நுனிவரை எட்டடி நாலு அங்குலம். ஓடிவந்து தாத்தாவிடம் சொன்னேன். “நான் சொல்லல?” என்றார். அன்றைக்கே சித்தப்பாவுக்கு எழுதிப் போட்டோம்.

பல வருஷம் கழித்துத்தான் கணக்கு இடித்தது. மேலே சொன்ன கடுவன்களில் ஆகப் பெரியதற்கு உடல் 142 சென்டிமீட்டர், வால் 97. இரண்டையும் கூட்டினால் ஏழடி பத்து அங்குலம். சராசரிக் கடுவன் ஏழடியைத் தொடுகிறது, அவ்வளவுதான். எங்கள் துரை சுட்டது அதையெல்லாம் மிஞ்சிய பூதமா? இல்லை. உரித்த பச்சைத் தோலைப் பலகையில் இழுத்து ஆணி அடித்தால் அது நீளும். ஓரடிகூட நீளும். துரையின் புலி செத்த பிறகு வளர்ந்திருக்கிறது.

இந்த வித்தை எங்கள் துரையோடு பிறந்ததல்ல. இந்தியாவில் புலி வேட்டைக்காரர்களுக்குள் இதற்காக ஒரு தலைமுறைச் சண்டையே நடந்திருக்கிறது. செத்த புலியை நேராகக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, மிருகத்தை நகர்த்திவிட்டு இரண்டு முளைக்கும் நடுவே அளப்பது ஒரு முறை. நாடாவை முதுகின் மேடுபள்ளமெல்லாம் படிய வைத்து வால்வரை ஓட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் அதே புலி சில அங்குலம் கூடிவிடும், அழுத்திப் பிடிக்கிற கையைப் பொறுத்து அதற்கு மேலும் கூடும். ஜிம் கார்பெட் 1930இல் சுட்ட ‘பவல்கர் பிரம்மச்சாரி’ என்ற புலி பத்தடி ஏழு அங்குலம் என்று பேர் பெற்றது வளைவோடு அளந்த அளவில்தான். வைஸ்ராய் சுட்ட புலியை அளக்க ஓரடிக்குப் பதினோரு அங்குலம் மட்டுமே உள்ள தனி நாடா வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பகிடியோ, தோட்டத்தில் வேலை செய்தவனுக்கு அதில் அதிசயமில்லை. பெரியவர் கையால் விழுந்தது சின்னதாக இருக்கக்கூடாது. தொழிலாளி கையால் பறித்தது பெரிதாக இருக்கக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனி நாடா, தனித்தனித் தராசு.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குப் போன ஒரு புலி உண்டு. 1967இல் வட இந்தியாவில் டேவிட் ஹாசிங்கர் என்ற அமெரிக்கர் சுட்டது. 388.7 கிலோ, பதினோரடி ஒரு அங்குலம். உலகத்திலேயே பெரிய வங்கப் புலி என்று இன்னமும் அதைத்தான் காட்டுகிறார்கள். அது முதல் நாள் இரவு கட்டிவைத்த எருமைக்கன்றைத் தின்றிருந்தது. வயிற்றில் எவ்வளவு கிடந்தது என்பதைக் கழிக்காமல் போட்ட எடை அது.

இதைப் படித்தபோது எனக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மலையிலிருந்து பெண்கள் தலையில் பட்டி போட்ட கூடையோடு மடுவத்துக்கு வருவார்கள். கொழுந்தைச் சாக்கில் கொட்டித் தொங்கு தராசில் மாட்டுவோம். முள் காட்டுகிற எடையை அப்படியே எழுதிவிட முடியாது. சாக்குக்குக் கழி, மழை நாளென்றால் ஈரத்துக்குக் கழி, முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கும் கழி. கழித்தபின் மிஞ்சுவதுதான் சம்பளப் பதிவான செக்ரோலில் ஏறும், அதை வைத்துத்தான் முழுநாள் சம்பளத்து முழுப்பேரா, பாதிச் சம்பளத்து அரைப்பேரா என்பது. 20 கிலோ பறித்தவள் 17க்கு வந்து நிற்பாள். ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று மேலேயிருந்து வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள், காகிதத்தில் வராது. நானும் கழித்தவன்தான். வெயில் காய்ந்த நாளிலும் கழித்திருக்கிறேன். புலி ஆராய்ச்சியாளர்கள் வயிறு முட்டத் தின்ற புலியின் எடையில் இருபது, முப்பது கிலோ கழித்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தபோது, பரவாயில்லை, இவர்களும் நம்ம தொழில்தான் என்று ஒரு ஆறுதல். ஆனால் இவர்கள் கழிப்பதைக் காகிதத்தில் எழுதிவிட்டுக் கழிக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் புலி வேறுபடுவதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் குளிர். 1847இல் கார்ல் பெர்க்மன் என்ற ஜெர்மானியர் சொல்லிவைத்த விதி: குளிர் கூடக் கூட, ஒரே சாதி மிருகத்தில் உடம்பு பெருக்கும், ஏனென்றால் பெரிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்காது. சைபீரியப் புலி பெரிது, சுமாத்திராப் புலி சிறிது, பாலித் தீவுப் புலி எல்லாவற்றிலும் சிறிது என்று பாடப்புத்தகத்தில் வரிசையாக நிற்கும். சுமாத்திராக் கடுவன் 100 முதல் 140 கிலோ. பாலியில் 1937இல் சுட்டதோடு கதை முடிந்துவிட்டது. இதுவரை சரி. ஆனால் சைபீரியாவில் உயிரோடு பிடித்து, கழுத்துப்பட்டி மாட்டி, ஒழுங்காக நிறுத்த புலிகளின் கணக்கை 2005இல் வெளியிட்டார்கள். கடுவனின் சராசரி 176 கிலோ. மத்திய இந்தியாவில் காட்டிலாகா அதிகாரியாக இருந்த டன்பர் பிராண்டர் தான் நிறுத்த 42 கடுவன்களுக்குச் சொன்ன சராசரி 420 பவுண்டு, அதாவது 190 கிலோ. பனியில் நிற்பதைவிட வெயிலில் நிற்பது பெரிது! பழைய காலச் சைபீரியப் புலி பெரிதாக இருந்தது, காட்டுப்பன்றியும் மானும் அருகியபின் சிறுத்துவிட்டது என்பவர்களும் உண்டு. அப்படியானாலும் அங்கே குளிர் குறையவில்லையே, குறைந்தது தீனி.

சுந்தரவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய இந்தியாவுக்கு ஏறக்குறைய நேர்கிழக்கே, அதே வங்கப் புலி. சேற்றுக்காட்டில் நிறுத்துப் பார்த்த மூன்று பெட்டைகள் 75க்கும் 80 கிலோவுக்கும் நடுவே நின்றன. மற்ற இடத்து வங்கப் பெட்டை 100க்குக் குறைவதில்லை. சுந்தரவனத்தில் காட்டெருமையும் கடமானும் இல்லை, புள்ளிமானும் பன்றியும்தான். உப்புத் தண்ணீரில் நீந்தி, இடுப்பளவு சேற்றில் நடந்து, ஒரு புள்ளிமானைத் தின்று எவ்வளவு உடம்பு போட முடியும்? விதி என்னவோ பெர்க்மனுடையது. எங்கள் தாத்தா விதி வேறு: தூக்குவதைப் பொறுத்துத் தூக்குகிறவன்.

அந்த விதியை நம் மலைக்கு வைத்துப் பார்த்தால் வேறு ஒரு கேள்வி வருகிறது. இலங்கையில் சிறுத்தைக்கு மேலே யாருமில்லை. புலியில்லை, சிங்கமில்லை, செந்நாய்க் கூட்டமில்லை. காட்டுக்கே பெரியதுரை அதுதான். போட்டியில்லாததால் நம் சிறுத்தை உலகத்திலேயே பெரிதாக வளர்ந்துவிட்டது என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் வழக்கம் உண்டு. தாத்தா இருந்திருந்தால் அதை எழுதிச் சித்தப்பாவுக்கு அனுப்பியிருப்பார். எனக்கு மனசு வரவில்லை. ஈரான் பக்கத்துச் சிறுத்தை 90 கிலோவைத் தொடுகிறது. அரேபியப் பாறைகளில் ஆடு குறைந்த இடத்தில் திரிகிற கடுவன் 30 கிலோதான். நம் 56 கிலோக்காரர் நடுவில் நிற்கிறார். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆனால் நடத்தையில் வித்தியாசம் உண்டு. சிறுத்தை இரையை மரத்தில் ஏற்றும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கும். தாத்தா ஐம்பது வருஷத்தில் ஒரு ஆட்டையும் மரத்தில் பார்க்கவில்லை. அடித்த இடத்துக்குப் பக்கத்துப் பற்றைக்குள் இழுத்துப்போட்டு, இரண்டு நாள் சாவதானமாகத் தின்னும். பறிக்க ஆளில்லாத வீட்டில் யார் பரணில் ஒளித்துவைப்பார்கள்?

கொழும்பு தேசிய நூதனசாலையில் புனானைச் சிறுத்தையைப் பார்த்திருக்கிறீர்களா? மட்டக்களப்பு வழியில் புனானைப் பக்கம் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் கொன்றது என்பார்கள். 1924இல் கப்டன் ஷெல்டன் ஏகர் சுட்டார். பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் எங்களைக் கூட்டிப்போனபோது பிள்ளைகள் முழுக்க அந்தக் கண்ணாடியைத்தான் தேடி ஓடினோம். கண்டதும் ஏமாற்றம். நிறம் வெளுத்து, முதுகு என் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. “இதுவா பன்னெண்டு பேரை?” என்றான் பக்கத்தில் நின்றவன். கூட வந்த மாஸ்டர், “ஒவ்வொருத்தராத்தானேடா” என்றார்.

அப்படியானால் இந்தத் தீவுக்குப் புலி வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. அதுவும் எங்கள் மலையின் மறுபக்கத்துக்கு. நாங்கள் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதம் ஏறுவோம். அந்தப் பக்கத்து ஆட்கள் குருவிட்டை, எரத்னை வழியாக ஏறுவார்கள். அந்தக் குருவிட்டைக்குப் பக்கத்தில் பட்டதொம்பக் குகையில் ஆதிமனிதர் தங்கிய இடத்தைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளுக்குள் ஒரு புலியின் கால்விரல் எலும்பு இருந்தது. சுமார் 16,500 வருஷம் பழசு. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் கிடங்கு மண்ணிலிருந்து ஒரு புலிப் பல்லும் வந்தது. 2005இல்தான் இரண்டையும் சேர்த்துவைத்து இது புலியேதான் என்று எழுதினார்கள். அதற்கும் முன்பே, 1939இல், அதே குருவிட்டைப் பகுதியில் கிடைத்த பற்களை வைத்து இங்கே சிங்கம் இருந்தது என்று தெரணியகல எழுதியிருந்தார். கடல் தாழ்ந்து கிடந்த காலத்தில் மன்னார்ப் பக்கம் தரையாக இருந்தது. புலி நடந்தே வந்திருக்கும். ஏறக்குறைய பின்னாளில் நம் ஆட்கள் நடந்த அதே திக்கில். சிங்கமும் புலியும் நிலைக்கவில்லை. மழைக்காட்டில் பெரிய உடம்புக்குத் தீனி போதாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம், வேறு யாருடையதும் அல்ல. தங்கியது, நாய், முள்ளம்பன்றி, மந்தி, கேளை எது கிடைத்தாலும் பசியாறத் தெரிந்த சிறுத்தை.

2009இல் கூடலூருக்குப் போனேன். சித்தப்பா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அவர் மகன், எனக்குத் தம்பி முறை, தோட்டத்தில் சூப்பர்வைசர். பேச்சு இன்னும் மலையகப் பேச்சுதான், காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் ‘பெரட்டு’ என்கிறான், தேயிலைக் காட்டை ‘மலை’ என்கிறான். அவனுக்கும் அந்தப் பழைய கடிதச் சண்டை தெரிந்திருந்தது. விடியற்காலை என்னை எழுப்பித் தேயிலைக்குள் கூட்டிப்போனான். முதல் நாள் மழை பெய்து மண்ரோடு குழைந்திருந்தது. ஓரிடத்தில் குனிந்து, “அண்ணே, கையை வையுங்க” என்றான். வைத்தேன். விரல்களை மடக்கிய என் கை முழுதும் அதற்குள் அடங்கி, சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது. எங்கள் ஊர்த் தடத்தில் மூன்று விரல் போட்டாலே நிரம்பிவிடும். தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது, கலங்கலாக. நான் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தேன். தேயிலைக்கு மேலே என் இடுப்பு வரைதான் தெரிந்தது. அதற்குக் கீழே என்ன தெரியும்?

“சிறுத்தையும் உண்டா இங்கே?” என்று கேட்டேன். உண்டாம். ஆனால் அது புலிக்கு ஒதுங்கி, லயத்தோரமாக ராத்திரியில் மட்டும் நடமாடுகிறதாம். பலாமரக் கவட்டில் ஒரு நாயைத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தானாம். அங்கே அது கணக்கப்பிள்ளை, இங்கே அதுவே பெரியதுரை. உத்தியோகம் வேறானால் நடையும் வேறு.

பக்கத்து முதுமலை 2007இல் புலிகள் காப்பகமாகியிருந்தது. நான் திரும்பி வந்தபின் 2015இல் கூடலூர்ப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் புலி கொன்றது, அதைச் சுட்டார்கள். 2021இல் நாலு பேரைக் கொன்றதாகச் சொன்ன டி23 என்ற கடுவனை இருபது நாளுக்கு மேல் தேடி, ஒக்டோபரில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். தம்பி தொலைபேசியில் சொன்னான்: “உங்க பூனையே தேவலாம் அண்ணே.” தாத்தா கேட்டிருக்கவேண்டும்.

எங்கள் பூனைக்குப் பகை துப்பாக்கியல்ல, கம்பி. மரக்கறித் தோட்டத்துக்கு வருகிற பன்றிக்காகப் பழைய பிரேக் வயரில் சுருக்குக் கட்டுகிறார்கள். பன்றி கழுத்தைக் கொடுக்கும், சிறுத்தை இடுப்பைக் கொடுக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு சுருக்கில் சிக்கியது அபூர்வமான கருஞ்சிறுத்தை. உயிரோடு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், மூன்று நாளில் செத்தது. அதே காட்டில் கரும் நிறத்தில் ஒன்று நடமாடுவதை அதற்கு முந்திய வருஷம்தான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமரா படம் பிடித்திருந்தது.

எங்கள் மலையில் சிக்கியது அதற்கு வெகு முன்பு, 1994 ஆவணியில். காட்டுத் துண்டை ஒட்டிய கவ்வாத்து மலையில், காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் ஏறியபோது உறுமல் கேட்டிருக்கிறது. வனஜீவராசிகள் ஆட்கள் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அதற்குள் முடிந்துவிட்டது. கடுவன். கம்பி இடுப்பை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி முன்னங்காலின் நகங்கள் பிய்ந்து, அதைச் சுற்றி வட்டமாக ஒரு குழியே விழுந்திருந்தது. வந்த அதிகாரி எழுதுவதற்கு எடை வேண்டும் என்றார். தோட்டத்தில் தராசு வேறெங்கே இருக்கிறது?

கொழுந்துச் சாக்கை விரித்து அதில் கிடத்தி நாலு பேர் மடுவத்துக்குத் தூக்கிவந்தார்கள். தோட்டமே கூடிவிட்டது. எத்தனை கிலோ என்று பந்தயம். ஸ்டோர் மேசன் நூறு என்றார். தப்படிக்கிற கிழவர் நூற்றிருபதுக்குக் குறையாது என்று சத்தியம் பண்ணினார். சாக்கின் நாலு முனையையும் முடிந்து கொக்கியில் மாட்டினோம். வால் மட்டும் வெளியே தொங்கி, நுனி தரையைத் துடைத்தது. முள் ஆடி ஆடி நின்றது. 47.

யாரும் பேசவில்லை. கிழவர் வந்து முள்ளைக் கிட்டத்தில் பார்த்தார். தராசு பிழை என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அந்தத் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று ஒருத்தர் புகார் சொன்னது அன்றைக்குத்தான். நான் பழக்கதோஷத்தில் சாக்குக்கு ஒரு கிலோ கழித்து 46 என்று எழுதி அதிகாரியிடம் நீட்டினேன்.

மறுநாள் காலைக் கொழுந்து. இரவு முழுக்க மழை பெய்து, பெண்கள் படங்கும் சாக்குமாக நனைந்து வந்து வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் மாட்டினாள். முள் 12இல் நின்றது. பத்து என்று எழுதப் போனேன். அவள் தலைப்பட்டியை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“புலிக்கு ஒரு கிலோதானே கழிச்சீங்க, கணக்கப்புள்ள ஐயா?”